ஈர மூலைக்கு ஏற்ற கல்வாழை: இலை நிறத்துக்காக வளர்ப்பது எப்படி?

கொழும்பில் துண்டு முற்றம் வைத்திருக்கும் வீடுகளில் அநேகமாக ஒரு ஈர மூலையும் இருக்கும். பீலித் தண்ணீர் விழும் இடம், வெளிக் குழாயடி, பின்மதிலுக்கும் கானுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய கீற்று, இப்போது புதிதாக ஏசித் தண்ணீர் சொட்டும் இடமும். அங்கே ரோசா வைத்தால் வேர் அழுகிப்போகும். செவ்வரத்தை வைத்தால் இலை மஞ்சளாகி உதிரும். இரண்டு மூன்று செடி செத்த பிறகு பலர் மேசனைக் கூப்பிட்டு கொங்கிரீட் போட்டு மூடிவிடுகிறார்கள். மூடினால் தண்ணீர் இல்லாமல் போய்விடாது, மதில் அடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். அதைச் செய்வதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒருமுறை கல்வாழை வைத்துப் பாருங்கள்.

கல்வாழையின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். ஆற்றங்கரைகளிலும் சதுப்பு ஓரங்களிலும் தானாக வளர்ந்த குடும்பம். வாழை, இஞ்சி, மஞ்சள் எல்லாம் அதற்கு உறவு. நிலத்துக்குக் கீழே கிழங்கு ஓடும், மேலே தண்டு எழும்பும், பூத்து முடிந்த தண்டு சாகும், பக்கத்தில் அடுத்தது வரும். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் கிழங்கைக் கிளறி எடுத்து, உள்ளே வைத்துக் காப்பாற்றி, அடுத்த வருடம் திரும்ப நடுகிறார்கள். எங்களுக்கு அந்த வேலை கிடையாது. இங்கே ஒருமுறை வேர் பிடித்தால் வருடம் முழுக்க வளரும்.

பூவுக்காக இதை வைப்பவர்கள்தான் அதிகம். நான் சொல்வது இலைக்காக வைக்கச் சொல்லி. பூ சில நாள் நின்று மழையில் நனைந்து தொங்கிப்போகும். நல்ல நிற இலை மாதக்கணக்கில் நிற்கும்.

எந்த வகையைத் தேடுவது?

பூக்கன்று விற்கும் இடத்தில் கானா என்றோ, சிங்களத்தில் புத்சரண என்றோ கேட்டால் விளங்கும். பெரும்பாலும் வகைப் பெயர் எழுதியிருக்காது, கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று சாயல்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று, கருஞ்சிவப்பு அல்லது செம்பு நிற இலை. இதுதான் எல்லாவற்றிலும் உறுதியானது, புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வதும் இதையே. இரண்டாவது, பச்சையில் மஞ்சள் வரி ஓடுவது. பெங்கால் டைகர், பிரெட்டோரியா என்று இரண்டு பெயரிலும் சொல்லப்படுவது இந்த வகைதான், பூ செம்மஞ்சள். மூன்றாவது ட்ரொபிக்கானா. ஊதா இலையில் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளுமாக வரிகள் இருக்கும், காலை வெயில் இலைக்குப் பின்னால் இருந்து விழும்போது பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. வெள்ளைத் திட்டு உள்ள ஒரு வகையும் உண்டு. அதன் வெள்ளைப் பகுதி நேர் வெயிலில் கருகிவிடும் என்பதால் முதல் செடியாக அதை எடுக்க வேண்டாம்.

வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காமல் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். செம்மஞ்சள் தூள் அப்பியிருந்தால் அது துரு நோய், அந்தச் சாடியை விட்டுவிடுங்கள். வரி உள்ள வகையில் இன்னொரு விஷயம் உண்டு. கல்வாழைக்கு வைரசு நோய் வரும், அதுவும் மஞ்சள் கோடுகளாகத்தான் தெரியும். புதியவர்கள் நோய் பிடித்த செடியை வரிச் செடி என்று நினைத்து வாங்கி வந்துவிடுவது உண்டு. நல்ல வரி நடுநரம்பில் இருந்து ஓரம்வரை நரம்போடு ஒட்டி, சுத்தமாக, ஒவ்வொரு இலையிலும் ஓடும். நோய் வரி விட்டுவிட்டு இருக்கும், அழுக்கு மஞ்சளாக இருக்கும், நரம்போரம் மண்ணிறமாகக் காயும், இலையும் சுருங்கி நெளிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிடிபடும். வைரசுக்கு மருந்து கிடையாது.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. தெருவில் யார் வீட்டிலாவது நல்ல புதர் தெரிந்தால் கேட்டைத் தட்டுங்கள். "அன்ரி, அந்தச் சிவப்பு இலைக் கல்வாழையில ஒரு துண்டு கிழங்கு தருவீங்களா?" என்று கேட்டால், "ஒன்று என்ன பிள்ளை, மூன்று நாலு கிளறி எடுத்துக்கொண்டு போ, எனக்கும் இடம் பிடிச்சுக்கொண்டு நிற்குது" என்றுதான் பதில் வரும். கிழங்காகவே கேளுங்கள், விதை வேண்டாம். கறுத்த உருண்டை விதையில் இருந்து வரும் கன்று தாயின் இலை நிறத்தைக் கொண்டுவரும் என்று நம்பி இருக்க முடியாது. வரி உள்ள வகைகளைக் கிழங்கு பிரித்துத்தான் பெருக்க வேண்டும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு வெயிலை

ஈர மண்ணைத் தாங்கும் என்றவுடன் கிழங்கைக் கொண்டுபோய்ச் சேற்றில் புதைத்தால் அழுகிவிடும். வேரும் இலையும் பிடித்த கல்வாழை சில அங்குலத் தண்ணீரிலும் நிற்கும். ஆனால் வெட்டிய, இலையில்லாத கிழங்குக்கு அந்தத் தெம்பு இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எனவே நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் அந்த மூலையில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த நாள் காலைக்குள் வற்றிவிட்டால் கிழங்கை நேரடியாக நடலாம். ஒன்றிரண்டு நாள் நின்றால் மண்ணை அரை அடி மேடாக்கி அதில் நடுங்கள். வற்றவே இல்லை என்றால் கிழங்கைச் சாடியில் முளைக்கவைத்து, நாலைந்து இலை வந்த பிறகு இடம் மாற்றுங்கள். தோண்டிய மண் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே காற்றே இல்லை என்று அர்த்தம். கழிவுக் குழாய் எங்காவது கசிகிறதா என்று பார்த்துத் திருத்திவிட்டுத்தான் செடியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சரி, இனி வெயில். இலை நிறத்தை உண்டாக்குவது வெயில்தான். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் நேர் வெயில் கிடைத்தால் சிவப்பு கருஞ்சிவப்பாகும், வரி பளிச்சென்று தெரியும். நிழலில் செடி சாகாது, ஆனால் தண்டு நீண்டு சாயும், சிவப்பு இலை மங்கி ஒரு பச்சை கலந்த நிறத்துக்குப் போய்விடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் அடுக்குமாடிகள் நெருங்கிவிட்டதால் முற்றம் திறந்திருந்தாலும் மத்தியானத்துக்குப் பிறகு நிழல் விழுந்துவிடும். ஒரு விடுமுறை நாளில் வீட்டிலிருந்து வெயில் எந்நேரம் வந்து எந்நேரம் போகிறது என்று பாருங்கள். நாலு மணித்தியாலத்துக்கும் குறைவு என்றால் கல்வாழையை விட்டுவிட்டு கலேடியம் போன்ற நிற இலைச் சேம்பு வகைகளுக்குப் போவது நல்லது.

மண் வேலை

கொழும்பில் ஒரே மண் இல்லை. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் மணல். அதில் தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது, கூட்டெரு நிறையக் கலக்க வேண்டும். ராஜகிரிய, ஜயவர்தனபுர கோட்டை, பத்தரமுல்லைப் பக்கம் பழைய வயலையும் சதுப்பையும் நிரப்பிக் கட்டிய வீடுகள் ஏராளம். அங்கே மேலே செம்மண், கீழே கட்டட இடிபாடு, அதற்கும் கீழே பழைய சேறு. மண்வெட்டி இறங்காது, அலவாங்கால்தான் ஒரு அடிக்கு இளக்க வேண்டும். வரும் செங்கல் துண்டு, சீமெந்துக் கட்டி, பொலித்தீன் எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் கிழங்கு பக்கவாட்டில் ஓடும் செடி என்பதால் இளகிய மண் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத்தான் புதர் விரியும்.

தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டெருவோ நன்றாக மக்கிய மாட்டெருவோ கலக்கலாம். பச்சை மாட்டெரு வேண்டாம், ஈரத்தில் கொதித்துக் கிழங்கைக் கெடுக்கும். மண் களியாக இருந்தால் கொஞ்சம் தென்னந்தும்புத் தூளும் உமிக்கரியும் சேர்த்தால் காற்றோட்டம் வரும்.

எப்போது நடுவது?

எங்கள் மழைக் கணக்கைப் பார்த்து நடுங்கள். தென்மேல் பருவமழை மே தொடக்கம் செப்டெம்பர் வரை. அதற்கு முன்னால் மார்ச், ஏப்ரலிலும் பின்னால் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை. ஜனவரி, பெப்ரவரி மழை குறைந்த வறண்ட காலம். மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில், பின்னேர மழை இரண்டொரு தரம் பெய்த பிறகு நடுவது மிக நல்லது. மே மாதத்து அடைமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். செப்டெம்பர் நடுப்பகுதியும் பரவாயில்லை. கொட்டும் மழைக்கு நடுவில் மட்டும் வெட்டிய கிழங்கை நடாதீர்கள்.

நடும் முறை

கிழங்கைத் தண்ணீரில் அலசி மண்ணைக் கழுவிவிட்டுப் பாருங்கள். வளையம் வளையமாகக் கோடு போட்ட தடித்த கிழங்கில், ஆங்காங்கே இளஞ்சிவப்பாகவோ வெளிறியோ கூரான முளைகள் துருத்திக்கொண்டு இருக்கும். அதுதான் கண். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கண் இருக்கும்படி, கழுவித் துடைத்த கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். விரலால் அழுத்தினால் அமுங்கும், மண்ணிறத்தில் நாறும் பகுதி எதுவானாலும் தள்ளிவிடுங்கள். நல்ல கிழங்கு உள்ளே வெள்ளையாக, மொறுமொறுப்பாக இருக்கும். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் ஒரு நாள் வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். ஈரக் கொழும்பில் இந்த ஒரு நாளைத் தவறவிடக் கூடாது.

அப்புறம் நாலு அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்கையாக, கண் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து மண்ணை மூடுங்கள். காலால் மிதித்து இறுக்க வேண்டாம், கையால் அழுத்தினால் போதும். துண்டுக்குத் துண்டு ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளி விடுங்கள். இப்போது வெறுமையாகத்தான் தெரியும், ஒரு வருடத்தில் மூடிவிடும். நட்ட அன்று ஒருமுறை தண்ணீர் விட்டு, முளை வரும்வரை மண் ஈரமாக இருந்தால் மேலும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இரண்டு மூன்று கிழமையில் முதல் முளை வெளியே வரும். சுருட்டிய பாய்போல இறுகச் சுருண்டு, கூர் நுனியோடு நிற்கும். சிவப்பு வகையில் அந்தச் சுருள் ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும். காலையில் பார்த்தால் நுனி கொஞ்சம் தளர்ந்திருக்கும், அடுத்தடுத்த நாளில் ஒரு ஓரம் அவிழ்ந்து, பிறகு முழு இலையும் ஒரு பக்கமாக விரியும். இந்தக் கட்டத்தில்தான் நத்தைகள் வரும். சுருளுக்குள் ஒரு கடி கடித்தால் இலை விரியும்போது வரிசையாக ஓட்டைகள் இருக்கும். இரவு எட்டு மணிக்குப் பிறகு ரோர்ச் எடுத்துக்கொண்டு போய், கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவாதீர்கள், செடிக்கு ஆகாது.

வளர்ந்த பிறகு

கல்வாழைக்குப் பசி அதிகம். மழை சத்தை அடித்துக்கொண்டு போய்விடுவதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதர் ஒன்றுக்குச் சிறு வாளி கூட்டெரு போடுங்கள். யூரியா போட்டால் இலை பெரிதாக வரும், ஆனால் மென்மையாக, பச்சையடித்து வரும், புழுவுக்கும் பிடித்துப்போகும். இலை நிறத்துக்காக வளர்ப்பவருக்கு அது தேவையில்லை.

வெட்டத் தயங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம், புதியவர்கள் பாவம் பார்த்து ஒரு தண்டையும் வெட்டாமல் விடுவதால்தான் பல வீடுகளில் கல்வாழை காய்ந்த இலைக் குவியலாக நிற்கிறது. பூத்து முடிந்த தண்டு திரும்பப் பூக்காது, புதிய இலையும் விடாது. அதை மண்மட்டத்தோடு வெட்டுங்கள். புதிய முளைக்கு வெளிச்சம் கிடைக்கும், அதன் இலைதான் நிறம் கூடியது. வரி உள்ள புதரில் திடீரென்று முழுப்பச்சைத் தண்டு ஒன்று வந்தால் அதை மேலே வெட்டினால் போதாது, கிழங்கோடு கிளறி எடுக்க வேண்டும். பச்சைத் தண்டுக்கு வேகம் அதிகம், விட்டால் கொஞ்ச நாளில் வரித் தண்டுகளை நெருக்கித் தள்ளிவிடும்.

அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். வெப்ப நாடுகளில் கழிவுநீரைச் சுத்திகரிக்கச் செயற்கை ஈரநிலம் அமைப்பவர்கள் அடிக்கடி நடும் செடிகளில் கல்வாழையும் ஒன்று. சவர்க்காரத் தண்ணீர் ஓரளவுக்குத் தாங்கும். பிளீச் கலந்த தண்ணீர் மட்டும் வேண்டாம்.

இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, சுருண்டு, விரியாமல் நின்றால் உள்ளே மயிர்க்கொட்டியோ பச்சைப் புழுவோ இருக்கிறது. சுருளை மெதுவாகப் பிரித்தால் கறுத்த எச்சத்தோடு ஆள் அகப்படுவார். நசுக்கிவிட்டு இலையை வெட்டுங்கள், மருந்து அடிக்கத் தேவையில்லை. துரு நோய் தெரிந்தால் அந்த இலைகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள். புதரை இடைவெளியாக வைத்து, மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாலே பெரும்பாலும் குறையும். வைரசு என்று தெரிந்தால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் முழுப் புதரையும் எடுத்துவிடுங்கள். வெட்டிய கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள்.

நுளம்பு விஷயம்

ஈர மூலையில் செடி வைப்பவர் டெங்குவை மறந்துவிடக் கூடாது. கல்வாழை மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரை விரும்பும் செடி, மண்ணுக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. குழி விழுந்த இடங்களை மண் போட்டு நிரப்புங்கள். சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். மண்ணை மூடத் தேங்காய் மட்டை போடுவது நல்ல பழக்கம், ஆனால் குழிந்த பக்கம் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மட்டையும் ஒரு நுளம்புத் தொட்டி. இலை தண்டோடு சேரும் இடுக்கிலும் தண்ணீர் நிற்கலாம். கிழமைக்கு ஒருமுறை தண்டைப் பிடித்து ஆட்டிவிடுங்கள், பழைய தண்டுகளை வெட்டுவதும் இதற்கு உதவும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம். பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கும் நாளுக்காக இல்லாவிட்டாலும், வீட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டியது இது.

மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு

பதினைந்து அங்குலத்துக்குக் குறையாத வாயகலம் உள்ள சாடியோ, அடியில் ஐந்தாறு ஓட்டை போட்ட பெயின்ற் வாளியோ போதும். குட்டையான வகையாகப் பாருங்கள். சாடி மண் வேகமாகக் காயும் என்பதால் ஜனவரி, பெப்ரவரியில் தினமும் தண்ணீர் விட வேண்டும். காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள பல்கனிகளில் உப்புக் காற்று இலை ஓரத்தைக் கருக்கும், காற்று இலையை நரம்போடு கிழிக்கும். சுவர் மறைப்பில் வைத்து, அடிக்கடி நல்ல தண்ணீரால் காலையில் இலையைக் கழுவிவிட்டால் சமாளிக்கலாம்.

புதர் பெருத்தால்

இரண்டு மூன்று வருடத்தில் புதரின் நடுப்பகுதி வெறுமையாகி, ஓரங்களில் மட்டும் முளை வரும். மார்ச் மாதத்தில், மண் கொஞ்சம் காய்ந்திருக்கும்போது அலவாங்கால் முழுவதையும் கிளப்பி, நடுவில் இருக்கும் பழைய கிழங்கைக் கழித்துவிட்டு ஓரத்து இளம் துண்டுகளைத் திரும்ப நடுங்கள். மிஞ்சுவதைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

ஒருவருக்கும் வேண்டாம் என்றால் கானிலோ வாய்க்காலிலோ சதுப்பு ஓரத்திலோ வீசாதீர்கள். ஒரு கண் உள்ள துண்டு போதும், ஈரம் கண்ட இடத்தில் முளைத்து அங்கே இயற்கையாக வளர வேண்டியதை மூடிவிடும். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. மழை வெள்ளத்தை உள்வாங்கி எங்கள் வீடுகளைக் காப்பாற்றுவது இந்தச் சதுப்புகள்தான், வேண்டாத கிழங்கைக் கொட்டும் இடம் அதுவல்ல. துண்டுகளாக வெட்டி, சீமெந்துத் தரையில் இரண்டு மூன்று கிழமை நல்ல வெயிலில் போட்டால் உள்ளே வெள்ளை நிறம் போய்க் கட்டையாகக் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு கூட்டெருக் குழியில் போட்டாலும் முளைக்காது.